பூவாயியின் உயரம்

அன்பு நண்பா,

நேற்று பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் என் உயரத்தை அளந்தார்கள். முட்டி வலிக்காகப் போயிருந்தேன். எதற்குப் போனாலும் எடை, உயரம், ரத்த அழுத்தம் மூன்றையும் சீட்டில் குறித்த பிறகுதான் டாக்டரிடம் அனுப்புகிறார்கள். சுவரோரம் ஒரு அளவுகோல், அதில் மேலும் கீழும் நகரும் ஒரு கட்டை. நான் அதன் கீழே போய் நின்றேன். நர்ஸ் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். கட்டையை என் தலைவரை இறக்கியவள், எண்ணைப் படிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"நல்லா நிமிந்து நில்லுங்க சார். கூனிகிட்டு நின்னா உங்க ஹைட்டு எனக்கு எப்படித் தெரியும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு முடிந்தவரை நிமிர்ந்தேன். அவள் எழுதிக்கொண்டாள். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தவன், உள்ளே என் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் யோசிக்காமல் சொன்ன வார்த்தையை நானும் ஒரு நாள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லாததை உன்னிடம் மறைத்தேன். நீ போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போதுதான் எழுதுகிறேன். பதில் வராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கும் ஆலை ஒன்றில் நீ இன்ஜினியராக இருந்தாய். உன் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் விரலை வைத்தால் வெள்ளையாக வரும். திருச்சியில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாம். நீ இன்ஜினியரிங் போனாய். நான் பி.டி. முடித்து, வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே இயற்பியல் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி உன்னிடம் வருவேன். உனக்கு நான் 'வாத்தி'. சட்டை போடாமல் கதவைத் திறந்து, "வா வாத்தி, இன்னைக்கு யாரத் திருத்தினே?" என்பாய்.

ஒரு ஞாயிறு நீ சோற்றைத் தட்டில் போட்டு வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். புதிதாக வந்த கல் உடைக்கும் மெஷினோடு தடித்த புத்தகம் ஒன்று வந்திருந்தது. அதை என் மடியில் போட்டாய். ஓட்டுகிறவனின் நாற்காலி எத்தனை உயரம், கை எவ்வளவு தூரம் நீளும், கால் எங்கே ஊன்றும் என்று பக்கம் பக்கமாகப் படம்.

"இந்த மெஷினுக்குக் கீழ கல்லு பொறுக்குற அம்மா ஒண்ணு இருக்குடா. குனிஞ்சு கூடையத் தூக்கிட்டு நிமிர அதுக்கு ஒரு நிமிஷம் ஆவுது. மெஷினுக்கு என்ன வேணும்னு இவ்ளோ பெரிய புஸ்தகம். அந்தம்மாவுக்கு என்ன வேணும்னு ஒரு பக்கம் எழுத ஆள் இல்ல."

"சோத்தத் தின்னுடா, ஆறிப்போவுது" என்றேன்.

அந்த வருடமே வேலையை விட்டாய். பொருள்களை மனிதர்களின் உடம்புக்கும் வேலைக்கும் ஏற்றபடி வடிவமைக்கச் சொல்லிக்கொடுக்கும் படிப்பு ஒன்று வடக்கே இருக்கிறது என்று கிளம்பினாய். ரயில்வேயில் இருந்த உன் அப்பா உன்னோடு பேச்சை நிறுத்தினார். வடக்கே ரயில் ஏறும் முன் எங்கள் வீட்டுக்கு வந்தாய் அல்லவா, என் அண்ணன் அன்று உன்னைக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

"டிசைனு படிக்கப் போறீங்களாமே தம்பி? சேலைக்குப் பார்டர் போடுற வேலையா? அதுக்குப் போயி இன்சினீரு உத்தியோகத்த வுடுவாங்களா?"

"சேலைக்கு இல்லண்ணே. அதக் கட்டிகிட்டு வேலை செய்றவங்களுக்கு."

அண்ணன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அவுங்களுக்கு என்ன கொறைச்சல்?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

படித்து முடித்து நீ திரும்பி வந்தபோது தாடி வைத்திருந்தாய். அரியலூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை, ஒரு வெல்டர், ஒரு மேஜை. கல் பொறுக்கும் கூடையைப் பற்றிப் பேசுவாய் என்று நினைத்தேன். நீ களைக்கொத்தைப் பற்றிப் பேசினாய். எங்கள் பக்கத்தில் பருத்திக் கொல்லையில் களை வெட்டும் பெண்கள் முழ நீளம்கூட இல்லாத அந்தக் கொத்தை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை குந்திக் குந்தியே நகர்வார்கள். "நாப்பது வயசுல இவங்க முதுகு அறுவது வயசு ஆயிடுது. நின்னுகிட்டு வெட்டுற மாதிரி நீளக் கைப்பிடி வச்சு ஒண்ணு செஞ்சா என்னடா?" என்றாய்.

பேசியதோடு நீ நிற்கவில்லை. எங்கள் கொல்லையில் பத்து நாள் அவர்களோடு குந்தினாய். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. பூவாயி அன்று உன்னைக் கலாய்த்தாளே: "சாரு களைய வெட்டுறாரா, செடிய வெட்டுறாரா? பருத்தி பூராவும் சாஞ்சு கெடக்கு, பாருங்கடி!" களை வெட்டிய நிரை முழுதும் சிரித்தது. பூவாயி எங்கள் கொல்லையில் எத்தனையோ வருடமாக வேலை செய்தவள். களை வெட்டுகிறவர்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. ஊருக்குக் கிழக்கே, தனியாக இருந்த தெருவிலிருந்து வருகிறவர்கள் அவர்கள் எல்லோரும். குந்தியிருக்கும்போது பூவாயி உன்னைக் கேலி செய்தாள், பாட்டுப் பாடினாள், உன் தாடியைப் பற்றிக்கூட ஏதோ சொன்னாள். அண்ணன் வரப்பில் வருவது தெரிந்தால் எல்லாம் அடங்கிவிடும். அதை நீ பார்த்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன். அதனாலேயே எனக்கு அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

வடக்கே இருந்த ஒரு தொண்டுச் சங்கம் உன் யோசனையைக் கேட்டு ஒரே ஒரு வாய்ப்பு தந்தது. நாற்பது கொத்து செய்து, கொல்லையில் வைத்து ஒரு நாள் காட்ட வேண்டும். அவர்கள் வந்து பார்ப்பார்கள். பெண்கள் அதை ஏற்றுக்கொண்டால் உன் கொட்டகையைத் தொடர்ந்து நடத்த உதவுவார்கள். இல்லையென்றால் அதோடு சரி. உன்னிடம் வேறு ஒன்றும் மிச்சம் இல்லை. ஆலைக்குத் திரும்ப முடியாது, அப்பா பேசுவதில்லை. அந்த நாற்பது கொத்துதான் நீ.

கைப்பிடி எத்தனை நீளம் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பெண்களின் உயரம் வேண்டும், தரையிலிருந்து முழங்கை எத்தனை உயரம் என்று வேண்டும். நீ மரத்தில் ஓர் அளவுகோல் செய்தாய், குறுக்குக் கட்டை வைத்து. அதை என் கையில் கொடுத்துச் சொன்னாய்: "நீ அளந்துடு வாத்தி. நான் வெளியாளு. நான் அளந்தா கூசுவாங்க. நீ ஊர்க்காரன், ஒன்னையத் தெரியும்."

நீ செய்த தவறு அது ஒன்றுதான். என்னைத் தெரியும் என்பதால்தான் அவர்கள் கூசுவார்கள் என்பது உனக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் களத்தில் வைத்து அளந்தேன். அண்ணன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தாறு பெண்கள் வரிசையாக வந்தார்கள். நீ எழுதிக் கொடுத்த தாள் என் சட்டைப் பையில் இருந்தது. 'குதிகால் தரையில் படிய வேண்டும். நேராக நிற்க வேண்டும்' என்று அடிக்கோடிட்டிருந்தாய். ஒவ்வொருத்தியும் வந்து கோலுக்குக் கீழே நின்றாள். தலையைத் தாழ்த்தி, தோளை உள்ளே ஒடுக்கி, முந்தானையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, முதுகை வளைத்து. எங்கள் வீட்டு வாசலில் எப்படி நிற்பார்களோ அப்படி. நான் கட்டையை இறக்கி அளவைக் குறித்துக்கொண்டே வந்தேன்.

முதலில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. அவர்களின் உயரம் எனக்குப் பிறந்ததிலிருந்து அதுதான். கடைசியில் பூவாயி வந்தாள், நின்றாள், குறித்தேன். கட்டை அவளுக்கு இறக்கிய இடத்திலேயே இருந்தது. அவள் களத்து மூலையில் கிடந்த புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அளவுகோலைத் தாண்டி நடந்தாள். தலையில் பாரம் வைத்தவள் கூன முடியாது அல்லவா? பனைமரம் மாதிரி நடந்தாள். நான் குறித்த கட்டை அவள் புருவத்துக்கு நேராக இருந்தது.

நான் பார்த்தேன். நோட்டுப் புத்தகம் கையில் திறந்திருந்தது. எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு, "நிமிந்து நில்லுங்க" என்று சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பெண்களிடம், அவர்கள் வீட்டு ஆண்களிடம், அந்தச் சொல்லைச் சொல்வது எதற்கு என்று உனக்குத் தெரியாது. 'என்னடா, நிமிந்து நிக்கிற?' என்று கேட்ட பிறகு அடி விழும். அதை அண்ணன் வாயால் கேட்டிருக்கிறேன். அப்பா வாயால் கேட்டிருக்கிறேன். அண்ணன் கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதா? நேரமாவுது, கொல்லைக்குப் போவட்டும்" என்றார்.

"முடிஞ்சுதுண்ணே" என்றேன். நோட்டை மூடினேன்.

பிள்ளைகளுக்கு நான் வருடா வருடம் நடத்தும் பாடம் ஒன்று உண்டு. பூஜ்யப் பிழை. அளக்கத் தொடங்கும் முன்பே அளக்கும் கருவியில் இருக்கிற பிழை. அதற்கு நான் சொல்லும் உதாரணம்கூட உனக்குத் தெரியும், கேட்டுச் சிரித்திருக்கிறாய்: மளிகைக் கடைத் தராசில் தட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் புளி. கடைக்காரன் எத்தனை நேர்மையாக நிறுத்தாலும் கணக்கு தப்பும், அதனால் முதலில் தட்டைத் திருப்பிப் பாருங்கள் என்பேன். முப்பது வருடம் சொன்னேன். தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்தது நான்.

அடுத்த வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு அரியலூர் வந்தேன். கொட்டகையில் உட்கார்ந்து நீ சராசரி போட்டாய். போட்டுவிட்டு என்னைப் பார்த்தாய்.

"ஏன்டா, இவ்ளோ குட்டையாவா இருக்காங்க?"

அந்தக் கணம் எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. நான் சொன்னேன்: "வயித்துக்குப் பத்தாத சனம்டா. வளத்தி எங்கேருந்து வரும்?"

உன் முகம் மாறிவிட்டது. பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் நின்றாய். என் பொய்யில் இரக்கம் கலந்திருந்ததால் உன்னால் அதைச் சந்தேகப்பட முடியவில்லை. சங்கத்துக்கு எழுதிய அறிக்கையிலும் அதைச் சேர்த்தாய்: தலைமுறைப் பசி இந்தப் பெண்களின் உயரத்தைக் குறைத்துவிட்டது என்று. நீ படித்துக் காட்டியபோது நான் தலையாட்டினேன். பசி பொய்யில்லை. ஆனால் அன்று என் நோட்டில் குறைந்திருந்த அங்குலங்களை வெட்டி எடுத்தது பசி இல்லை.

நாற்பது இரும்புக் குழாயையும் ஒரே நீளத்தில் வெட்டி, முனையில் குறுக்குப்பிடி வைத்து நீயும் வெல்டரும் பற்றவைத்தீர்கள். பச்சை வர்ணம் அடித்தீர்கள். அழகாக இருந்தது. உண்மையாகவே அழகாக இருந்தது.

காட்டும் நாளன்று ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். மழை பெய்து நிலம் பதமாக இருந்தது. பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு நிரையில் இறங்கினார்கள். கால்மணி நேரம் சரியாகப் போன மாதிரி இருந்தது. பிறகு ஒருத்தி இடுப்பில் கை வைத்தாள். இன்னொருத்தி கொத்தைத் தரையில் ஊன்றிவிட்டு நின்றாள். கைப்பிடி குட்டை. நிமிர்ந்து நின்றால் கைக்கு எட்டவில்லை, குந்தினால் நெஞ்சில் இடித்தது. அரைகுறையாக வளைந்தே வெட்ட வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் ஆவதற்குள் பச்சைக் கொத்துகள் வரப்போரம் படுத்துவிட்டன. எல்லோரும் இடுப்பில் செருகிக் கொண்டுவந்திருந்த பழைய களைக்கொத்தை எடுத்துக்கொண்டு குந்தினார்கள்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "நான் அப்பவே சொன்னேனே தம்பி. எல்லாம் நின்னுகிட்டிருந்தா யாரு வேலை செய்றா, யாரு வேடிக்கை பாக்குறான்னு எனக்கு எப்படித் தெரியும்? குந்தியிருந்தாத்தான் வேலை!"

ஜீப்பில் வந்தவர்களில் மூத்தவர் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. இந்த மக்கள் மாற்றத்தை விரும்புவதில்லை என்றார். நீ அதைக் கேட்காத மாதிரி பூவாயியிடம் போனாய்.

"என்னம்மா, எங்க தப்பு? சொன்னாத்தானே திருத்த முடியும்?"

அவள் எழுந்து நின்றாள். வளைந்துதான் நின்றாள், அண்ணன் அங்கே இருந்தார். உன்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன்.

"பழக்கம் இல்லீங்க சார். வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் அன்று காட்டிய பெருந்தன்மை எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. பெருந்தன்மைதானா, பயமா என்று பிரித்துப் பார்க்கவும் பயமாக இருக்கிறது.

நாலைந்து நாள் கழித்து வாய்க்கால் ஓரம் என்னைத் தனியாகப் பார்த்தபோது அவளே கேட்டாள்.

"சின்னய்யா, அன்னைக்குக் களத்துல கூனிகிட்டுத்தானே நின்னோம். அப்பிடியேவா அளந்தீங்க?"

நான் குனிந்து வாய்க்கால் தண்ணீரில் கையைக் கழுவினேன்.

"கும்புடக் குனியிறது அரை நிமிசம் சாமி. அதே குனிவுல பொழுதன்னைக்கும் வேலை செய்ய முடியுமா? அந்தச் சாருக்குத் தெரியாது, டவுனுக்காரரு. ஒங்களுக்குத் தெரியுமில்ல? நீங்க சொல்லிடுவீங்கன்னுதான் நான் வாயத் தொறக்கல."

குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். எத்தனை உயரமாகப் போனாள்!

அதற்குப் பிறகும் உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். ஒரு சாண் குழாய் சேர்த்துப் பற்றவைத்தால் தீர்ந்திருக்கும். சங்கத்துக்கு மறுபடி எழுதியிருக்கலாம். ஆனால் ஏன் குட்டையானது என்று நீ கேட்பாய். எங்கள் களத்தில் அவர்கள் எப்படி நின்றார்கள் என்று நான் சொல்ல வேண்டும். நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். உன் கண்ணில் நான் நல்லவன். அந்த ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ள உன் கொட்டகையைக் கொடுத்துவிட்டேன்.

நீ வேறொரு பாடம் கற்றுக்கொண்டாய், அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது. கொட்டகையைக் காலி செய்த அன்று, வெல்டரின் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டே சொன்னாய்: "என் முதுகு வலிச்சத அவங்க முதுகு வலின்னு நெனச்சுட்டேன்டா வாத்தி. அவங்க கேக்காதத நான் குடுக்கப் போனேன். திமிரு." அவர்களுக்கு வலித்தது. அவர்களுக்கு அது வேண்டியிருந்தது. நீ நினைத்தது அத்தனையும் சரி. அதைச் சொல்ல வேண்டியவன் வண்டியின் மறுபக்கம் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு நீ மெட்ராஸ் போய்ச் சமையலறைச் சாமான்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்தாய். மிக்ஸி ஜாடிக்குக் கைப்பிடி வரைவதாகக் கடிதம் எழுதினாய். 'இந்தக் கைப்பிடி யாரையும் குனிய வைப்பதில்லை' என்று ஒரு வரி. வேடிக்கையாகத்தான் எழுதியிருப்பாய். நான் அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்ததில்லை.

கடைசியாக உன்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே பழைய கதையெல்லாம் பேசினாய். நடுவில், "அந்தக் கொத்து ஏன்டா தோத்துச்சு? இன்னும் எனக்குப் புரியல" என்றாய். மூன்றாவது வாய்ப்பு. "காலம் சரியில்லடா. முன்னாடியே செஞ்சுட்ட" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு லேசாகச் சிரித்தாய். சாகப் போகிறவனை நோக வைப்பானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு, தெரியுமா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கோலைத் தூக்கிக்கொண்டு நீயே அந்தத் தெருவுக்குப் போயிருக்கலாம். அவர்கள் தங்கள் வாசலில் நிற்கும்போது அளந்திருக்கலாம். என்னை ஏன் அப்படி நம்பினாய்?

பூவாயியும் இல்லை. அவள் பேரப்பிள்ளைகள் படித்து, வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். ஊருக்கு வந்தால் என்னோடு கைகுலுக்குகிறார்கள். நிமிர்ந்துதான் நிற்கிறார்கள். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

நாற்பதில் ஒன்று எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இத்தனை வருடமும் கிடந்தது. அவரைக்கொடிப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்திருந்தோம். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அதைப் பிடுங்கினேன். பச்சை வர்ணம் உன் குறுக்குப்பிடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கீழே களை வெட்டும் தகடு துருப்பிடித்து எப்போதோ விழுந்துவிட்டது. மண்ணைத் துடைத்து, ஊன்றி நின்று பார்த்தேன்.

முதுகு வளைந்துவிட்டது எனக்கு. நர்ஸ் பெண் எழுதிய சீட்டில் என் உயரம் வாலிபத்தில் இருந்ததைவிட மூன்று அங்குலம் குறைவு. பிடி என் கைக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஒரு நூல்கூடக் கூட வேண்டாம், குறைய வேண்டாம்.

இன்று காலை பால் வாங்க அதை ஊன்றிக்கொண்டுதான் தெருவில் போனேன்.